தில்லைக்கூத்தனின் இருபது வாட்ஸ்

கடலூரில் புளுகுக்குப் பஞ்சம் வந்ததாக எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை. ஆனால் டைல்ஸ் கடை தில்லைக்கூத்தன் ஹாம் ரேடியோ சங்கத்தில் சேர்ந்த பிறகு, ஊரில் இருந்த மொத்தச் சரக்கும் அந்த ஒரே வாய்க்குள் வந்து அடைந்துவிட்டது என்பது வேதவல்லியின் அசைக்க முடியாத அபிப்பிராயம். வேதவல்லி சங்கத்தின் செயலாளர். பிழைப்புக்கு மருந்துக்கடை வைத்திருந்தாள்.

பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, போனும் நெட்டும் இல்லாமல் சொந்த ரேடியோவில் ஊர் விட்டு ஊர் பேசுகிறவர்கள்தான் இந்த ஹாம் கூட்டம். என்னவோ நாட்டு ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் ஊரில் வெயில் எப்படி, காலையில் என்ன டிபன், ஏரியல் எத்தனை அடி, அவ்வளவுதான். வருஷத்தில் ஒரே ஒரு நாள் இவர்களால் ஊருக்கு உபகாரம் உண்டு. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது ஜனம் நெரியும், செல்போன்கள் படுத்துவிடும். கூட்டத்தில் தொலைகிற பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்க்கிற வேலையை அன்றைக்குச் சங்கம்தான் ரேடியோவில் பார்க்கும்.

போன வருஷம் அதிலும் கோட்டை விட்டார்கள். எல்லாச் சேதியும் வந்து சேருகிற கடற்கரைப் பந்தலில் இருந்தவரின் ரேடியோ பாதியில் ஊமையாகிவிட்டது. வடக்குக் கோடியில் ஒருத்தி மணலில் புரண்டு அழுகிறாள். தெற்குக் கோடியில் அவள் பெண், பேச்சே சரியாக வராத வாண்டு, வேதவல்லியின் புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு அழுகிறது. இவள் கையில் ரேடியோ இருக்கிறது, பதில் சொல்லத்தான் பந்தலுக்கு வாய் இல்லை. சேதி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த அழுகை வேதவல்லிக்கு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இந்த வருஷம் அப்படி நடந்தால் செயலாளர் பதவியை மட்டுமல்ல, ரேடியோ செட்டையே கடலில் எறிந்துவிடுவது என்று இருந்தாள்.

பந்தலில் யார் உட்காருவது என்று முடிவு செய்யத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பாப்புலியூர் டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம் கூடியது. அந்த நாற்காலிக்குத் தில்லைக்கூத்தன் முன்கூட்டியே துண்டு போட்டிருந்தார். தகுதி என்னவென்றால், இரண்டு மாதத்துக்கு முன்னால் காருக்கு ஒரு செட் வாங்கியிருக்கிறார். சந்தையில் கிடைப்பதிலேயே மலிவான செட். இருபது வாட்ஸ், சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரியது, காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் ஓடும். வேதவல்லியின் கடையிலும் அதே செட்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் பண்ருட்டி வரைக்கும் பேசுவாள். அதற்காக அவள் யாருக்கும் மாலை போடச் சொன்னதில்லை.

"வெல கம்மின்னு எளக்காரமா நெனைக்காதீங்க," என்று தில்லைக்கூத்தன் பெஞ்சில் சம்மணம் போட்டுக்கொண்டார். "போன வாரம் கெடிலம் பாலத்து மேல வண்டிய ஓரங்கட்டி, யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு கொரல் குடுத்தேன். யாழ்ப்பாணத்துலேருந்து ஒருத்தர், 'வணக்கம் ஐயா, சொல்லுங்கோ'ங்கறாரு."

இது நடக்கக்கூடியதுதான். சில நாட்களில் கடல் ரேடியோ அலையைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் போடும். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல அனுமதித்துவிட்டால் தில்லைக்கூத்தன் அதையே முதல் படியாக வைத்து மேலே ஏறிவிடுவார்.

"அதுவும் ஃபுல் பவர் இல்ல. இருக்கறதுலேயே கம்மில வெச்சுதான் பேசினேன்."

"ஃபுல்லுல வெச்சா இன்னா ஆகும்?" என்றார் ஜமால் பாய். இவர் லேத் பட்டறைக்காரர். புளுகைக் கேட்டால் எரிச்சல் வரும், ஆனால் பாதியில் எழுந்து போகவும் மனசு வராது.

"ஒரே ஒரு தடவ வெச்சேன் பாய். மஞ்சக்குப்பத்துல கரண்ட் கட்டு. தெருவுல அத்தன டியூப் லைட்டும் தன்னால எரியுது. கரண்ட் ஆபீஸ்காரன் வூட்டுக்கே வந்துட்டான். 'ஐயா, நீங்க பேசிட்டே இருங்க, நாங்க ரிப்பேரை நாளைக்குப் பாத்துக்கறோம்'ங்கறான்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அந்த மனுஷனுக்குப் பெட்ரோல் மாதிரி.

"செட்டு சூடாவும்னு சொல்றாங்களே," என்று ஜமால் பாய் கேட்டார். அந்த மலிவுச் செட்டின் ஒரே பெரிய குறை அதுதான். கொஞ்சம் பேசினாலே முதுகு கொதிக்கும்.

"ஆவும். யாரு இல்லேன்னா? நான் அதுலதான் தோச வார்க்கறேன். வூட்ல கேஸ் வாங்கறதையே நிறுத்தியாச்சு."

"அப்ப நீங்க பேசாத நேரத்துல வீட்ல எல்லாரும் பட்டினியா?" என்றாள் வேதவல்லி.

"நான் எப்பம்மா பேசாம இருந்தேன்?"

இது மட்டும் அப்பட்டமான நிஜம்.

தலைவர் பரமானந்தம் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பரம சாது. எதிராளி மனசு நோகுமே என்று காப்பியில் சர்க்கரை இல்லை என்றுகூடச் சொல்லமாட்டார். இப்படிப்பட்ட தலைவர் கிடைத்தால் தில்லைக்கூத்தன்கள் ஏன் முளைக்கமாட்டார்கள் என்று வேதவல்லி பல்லைக் கடித்தாள்.

"ஏரியல காக்கா தூக்கினு போச்சு ஒரு நாளு," என்று மனுஷன் அடுத்த படிக்கு ஏறினார். "நான் அசரலியே. கொல்லையில தென்ன மரத்துல ஒயரச் சுத்திப் பேசினேன். அர மணி நேரம் பேசியிருப்பேன், மேலேருந்து சொட்டுச் சொட்டா என்னமோ ஒழுவுது. தொட்டுப் பாத்தா எண்ணெ! மரத்துலேயே தேங்கா வெந்து, காய்ச்சின எண்ணெயா எறங்குது. கொடம் வெச்சுப் புடிச்சோம்."

"எண்ணெ நல்லா இருந்துச்சா?"

"அதையேன் கேக்கறீங்க பாய். அதத் தேச்சுக் குளிச்ச எம் மச்சானுக்கு அன்னிலேருந்து தலைக்குள்ள செய்தி கேக்குது. மழ வருமான்னு தெருவே அவனத்தான் கேக்குது."

அதோடு விட்டாரா? செட்டுக்குள், பட்டனை அமுக்கினால் அலைவரிசை எண்ணைச் சொல்கிற ஒரு பெண் குரல் உண்டு. இவர் பேசிப் பேசி அது தமிழ் கற்றுக்கொண்டதாம். இப்போது எண் சொல்வதை விட்டுவிட்டு, "சாப்ட்டீங்களா? மொகம் ஏன் வாட்டமா இருக்கு?" என்று விசாரிக்கிறதாம். வீட்டுக்காரி சந்தேகப்பட்டு ரெண்டு நாள் பேசவில்லையாம். அப்புறம் விண்வெளி நிலையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டாராம். "தில்லை சார், நீங்க பேசும்போது இங்க சுவரெல்லாம் அதிருது, தயவுபண்ணி கொஞ்சம் மெதுவா" என்று கேட்டுக்கொண்டாராம். இவரும் பாவம் பார்த்து, அவர்கள் தலைக்கு மேலே கடக்கிற நேரத்தில் மட்டும் ரகசியம் பேசுகிற மாதிரி பேசுகிறாராம்.

"கடைசியா ஒண்ணு நடந்துது. அதச் சொன்னா நம்பமாட்டீங்க."

"இது வரைக்கும் சொன்னத நம்பினோம்னு யாரு சொன்னா?" என்றார் ஜமால் பாய்.

"எங்கொரலு ஒலகத்த ஒரு சுத்து சுத்திட்டுப் பின்பக்கமா வந்து எனக்கே கேட்டுது. மரியாதைக்கு நானும் பதில் சொன்னேன், அஞ்சு ஒம்போதுன்னு."

இந்த ஐந்து ஒன்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாம்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது எதிராளியின் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று எண்ணில் சொல்வது வழக்கம். ஐந்து ஒன்பது என்றால் பிரமாதம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். நாளடைவில் அது வெறும் உபசார வார்த்தையாகிவிட்டது. "ஐந்து ஒன்பது சார், உங்க பேரு சரியா வெளங்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கூசாமல் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோமோ அந்த மாதிரிதான்.

"அப்புறம் பவர இன்னும் ஏத்தினேன்," என்றார் தில்லைக்கூத்தன். "இப்ப கொரலு சுத்தி வர்ற வேகத்துல, நான் பேசறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது! நாளைக்குப் பேசப்போறது இன்னிக்கே கேக்குது. நேத்திக்கு கேட்டேன். மாசி மகத்தன்னிக்குப் பந்தல்லேருந்து நாந்தான் பேசறேன். 'தொலஞ்ச புள்ளைங்க அத்தனையும் கெடச்சாச்சு'ன்னு எங்கொரலு சொல்லுது. ஆக, முடிவாயிடுச்சு. நீங்க கூட்டம் போட்டதே தண்டம்."

மாடியே கைதட்டியது. பரமானந்தம் சிரித்ததில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரே கேட்டுட்டாருன்னா அப்புறம் நாம என்ன சொல்றதுக்கு இருக்கு? தில்லையே உக்காரட்டுமே," என்றார்.

வேதவல்லி கைதட்டவில்லை. இவர்களுக்கு எல்லாம் வேடிக்கை. தலைப்பைக் கவ்விக்கொண்டு அழுத பிள்ளை இவர்களில் யார் மடியிலும் உட்காரவில்லை.

"உக்காரட்டும்," என்றாள். "அதுக்கு முன்னாடி கீழ போய் உங்க கார்லேருந்து ஒரு வார்த்த பேசுங்க சார். யாழ்ப்பாணம் எல்லாம் வேணாம். இந்த மாடிக்குக் கேட்டாப் போதும்."

தில்லைக்கூத்தன், ஆனைக்கு அரைப்படி சோறா என்பதுபோல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். எதிர் வாடையில் அவருடைய பழைய மாருதி நின்றது. வேதவல்லி மேஜையின் நடுவில் கையடக்க ரேடியோவை நிறுத்தி வைத்தாள். ஜன்னல் வழியாக எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

காருக்குள் தில்லைக்கூத்தன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். உதடு அசைந்தது. கை விசிறியது. தலை ஆடியது. ஒரு கட்டத்தில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கூடப் பேசினார். மேஜை மேல் ரேடியோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு கரகரப்புக்கூட இல்லை.

அவர் வாய் மூடியதும் பரமானந்தம் கை நீட்டி ரேடியோவை எடுத்தார். பட்டனை அமுக்கினார். "பிரமாதம் தில்லை! ஐந்து ஒன்பது!" என்றார்.

கீழே காருக்குள்ளிருந்து ஒரு கட்டை விரல் வெற்றியோடு உயர்ந்தது.

"சார்!" வேதவல்லி கிட்டத்தட்டக் கத்தினாள். "என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

பரமானந்தம் திருதிருவென்று விழித்தார். "அது... வாய் அசைஞ்சுதேம்மா. பாவம், அவ்வளவு தூரம் பேசறாரு."

"தெனம் காலையில, நான் கடைக்கு வந்து செட்டப் போடறதுக்கு முந்தியே, ரேடியோவுல நீங்கதானே ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிடறீங்க? இந்த ரெண்டு மாசத்துல இவரு புதுச் செட்டுல பேசி ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"நான் பேரு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். அப்புறம் ஐந்து ஒன்பது சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவேன். எனக்கு வயசாச்சு, காது மந்தம். மத்தவங்களுக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

"பாய், நீங்க?"

ஜமால் பாய் தொண்டையைக் கனைத்தார். "தலைவரு ஐந்து ஒன்பது சொன்னாரேன்னு நானும் சொன்னேன்."

அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஜமால் பாய் சொன்னாரே என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

வேதவல்லிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தச் செட்டின் முகப்பில் இரண்டு வரி உண்டு. மேல் வரியில் ஒரு அலைவரிசை, கீழ் வரியில் ஒன்று. காது இரண்டுக்கும் உண்டு, வாய் ஒன்றுக்குத்தான். எந்த வரிக்குப் பக்கத்தில் அம்புக்குறி நிற்கிறதோ அந்த வரியில்தான் நம் பேச்சு வெளியே போகும். கீழ் வரியில் சங்கத்தைக் கேட்டுக்கொண்டு, அம்புக்குறியை மேல் வரியில் நிறுத்திவிட்டு, இந்த மனுஷன் இரண்டு மாதமாக ஆளில்லாத பொட்டல் காட்டில் கச்சேரி செய்திருக்கிறார். அதைவிடக் கேவலம், ஒரு சங்கமே உட்கார்ந்து அதற்குத் தாளம் போட்டிருக்கிறது. அவருடைய புளுகுக்கு ஒரு வாய்தான். இவர்களுடையதற்கு இருபது வாய்.

அவள் ரேடியோவைப் பரமானந்தத்தின் கையிலிருந்து வாங்கினாள்.

"தில்லை சார், வேதவல்லி பேசறேன். உங்க பேச்சு எங்களுக்குக் கேக்கல. ஒரு எழுத்துக்கூட வரல. பூஜ்யம். இந்த ரெண்டு மாசமாவும் பூஜ்யம்தான்."

அந்தச் சங்கத்தில் அப்படி யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பரமானந்தம் கெட்ட வார்த்தை கேட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே கட்டை விரல் மெல்ல இறங்கியது. காரின் கதவு திறந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மனுஷன் இப்போதாவது தலை குனிந்து வருவார் என்று வேதவல்லி ஒரு நிமிஷம் நினைத்தாள். அவளும் மனுஷிதானே, ஏமாறத்தானே செய்வாள்.

தில்லைக்கூத்தன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். முகம் பளபளத்தது.

"கேக்கலியா? எப்படிக் கேக்கும்! இவ்ளோ கிட்டக்க இருந்தா தலைக்கு மேல தாண்டிப் போயிடும் இல்ல? போயி எங்க எறங்கியிருக்கு தெரியுமா? அண்டார்டிகாவுல! அங்க ஆராய்ச்சி பண்ற ஆளு இப்பத்தான் பதில் குடுத்தான். 'சார், மெதுவாப் பேசுங்க, பனிக்கட்டி விரிசல் வுடுது'ங்கறான். இந்த மாதிரி செட்ட வெச்சுக்கிட்டு நான் பந்தல்ல உக்காரலேன்னா, வேற எவன் உக்காருவான்?"

பரமானந்தத்தின் தலை பழக்கதோஷத்தில் ஆடத் தொடங்கியது. எல்லாரும் வேதவல்லியைப் பார்த்தார்கள்.

அவள் ரேடியோவை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் சார். அண்டார்டிகாவுல எந்தப் புள்ளயாவது காணாமப் போனா உங்களத்தான் கூப்பிடுவோம். தேவனாம்பட்டினத்துக்கு நான் போறேன்."