துறைமுகச் சங்கிலியும் தலைவர் நாற்காலியும்

முன்பொரு காலத்தில், அரசனே வேண்டாம் என்று தலைமுழுகிய ஒரு கடற்கரை நகரம் இருந்தது. மரேனா என்று பெயர். கப்பல் வாணிபத்தில் கொழித்த ஊர். ஒரே ஆள் ஆண்டால் தலைக்கனம் ஏறிவிடும் என்று மாதத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் மாறியதே தவிர, வந்து உட்கார்ந்ததெல்லாம் கோர்வானி குடும்பம்தான். அண்ணன் எழுந்தால் தம்பி, தம்பி எழுந்தால் மைத்துனன். இதற்குக் குடியரசு என்று பெயர் வேறு!

துறைமுகத்தின் வாயை மறித்து ஓர் இரும்புச் சங்கிலி கிடந்தது. கொள்ளைக் கப்பல்களைத் தடுப்பது அதன் வேலை. அதை நம்பித்தான் கரையோரக் குடிசைகளில் மீனவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சங்கிலிக்கும் அவர்கள்மேல் உயிர்.

மாதப் பிறப்பன்று தலைவரின் நாற்காலியைக் கரைக்குத் தூக்கி வருவார்கள். புதுத் தலைவர் அதில் அமர்ந்து, சங்கிலியின் முதல் கண்ணியைத் தொட்டு, "ஊரைக் காப்பேன்" என்று சத்தியம் செய்வார். அந்த ஒரு கண்ணிக்கு மட்டும் எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த நடுக்கண்ணி துருவேறி இளைத்துப்போயிருந்தது.

ஒரு மாதம் ஆல்விசே கோர்வானி சத்தியம் செய்ய வந்தார்.

"ஐயா, என் நடுக்கண்ணி இத்துப்போச்சு. ஒரு இடி தாங்காது. மாத்திக் குடுங்க" என்று சங்கிலி கெஞ்சியது.

"போன மாசமே என் தம்பிகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

"எனக்கு ஒரு மாசம்தானே. அடுத்து வர்ற மைத்துனர் பார்ப்பார்."

சங்கிலி நாற்காலியின் பக்கம் திரும்பியது. "நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? தினமும் உன் மேலதானே உட்கார்றாங்க?"

நாற்காலி தன் பட்டு மெத்தையைச் சரிசெய்துகொண்டது. "உட்கார்றவங்க மனசை நோகடிச்சா என்னை யார் வெச்சிருப்பாங்க? ஒரு மாசம்தானே, அடுத்தவர் பார்ப்பார்."

"உனக்கென்ன, நீ மேட்டுல இருக்கே. கப்பல் வந்தா முதல்ல சாகிறது குடிசைக்காரங்க!" என்றது சங்கிலி.

மைத்துனர் வந்தார், சத்தியம் செய்தார், போனார். அதன்பின் ஒரு நாள் கொள்ளைக் கப்பல்கள் வந்தன. சங்கிலி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பார்த்தது. நடுக்கண்ணி தெறித்தது. குடிசைகள் எரிந்தன. சேற்றில் விழுந்து கிடந்த சங்கிலி எல்லா அலறலையும் கேட்டது. நெருப்பு மேட்டிலிருந்த ஊர் மன்றம்வரை பரவி, அங்கிருந்த நாற்காலியும் சாம்பலானது. மலைக்கோட்டைக்கு ஓடிய கோர்வானிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுவாரம் மன்றம் கூடி, சங்கிலி ஊருக்குத் துரோகம் செய்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது.

"சத்தியம் செஞ்சது நீங்க, தண்டனை எனக்கா?" என்று சங்கிலி கதறியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை உருக்கி, இனி நெருப்புக்கு அஞ்சாதபடி தலைவருக்கு ஓர் இரும்பு நாற்காலி செய்தார்கள். மேலே புதுப் பட்டு மெத்தை. துறைமுக வாய்க்கு, இப்போதைக்குப் போதும் என்று ஒரு தடித்த கயிறு.

மாதப் பிறப்பன்று இரும்பு நாற்காலியைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். ஆல்விசேயின் தம்பி அதில் அமர்ந்து, கயிற்றின் நுனியைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"அண்ணே, உப்புத் தண்ணியில நான் நைஞ்சுக்கிட்டே வர்றேன். ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கயிறு நாற்காலியிடம் கெஞ்சியது.

காலமெல்லாம் கடலில் ஊறிய உடம்புக்கு அந்த மெத்தை சுகமாக இருந்தது.

"ஒரு மாசம்தானே," என்றது இரும்பு நாற்காலி. "அடுத்தவர் பார்ப்பார்."