சேனை வைக்க ஆள் இல்லாத வீடு

"நாக்குல வெச்சதைத் திரும்ப எடுக்க முடியுமாம்மா?"

மலைச்சுனையோரம் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சுனையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

மாயழகு நின்றிருந்தான். வெள்ளிதோறும் அவள் பேச்சைக் கேட்க வந்து கடைசி வரிசையில் உட்காரும் சீடன். அண்ணனைப் போலீஸ் கொண்டுபோன நாளிலிருந்து மலையேறவில்லை. குருவை விடச் சீடன் வயதில் மூத்தவன். அதைப் பற்றி இரண்டு பேருமே அலட்டிக்கொண்டதில்லை.

"யார் நாக்குல?"

"என் நாக்குல. எனக்குச் சேனை வெச்சது எங்க அண்ணன்."

பிள்ளை பிறந்ததும் நல்லவர் ஒருவரைக் கூப்பிட்டு, சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். அதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். பிள்ளை வளர்ந்து அடம்பிடித்தால் முதலில் திட்டு வாங்குவதும் அவர்தான்.

மாயழகு பிறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தில் முதல் மாணவன். அவனைப் போலவே வரட்டும் என்று அம்மா அவனையே வைக்கச் சொன்னாள்.

அந்த அண்ணன் இப்போது சிறையில். தெருவில் ஒரு சின்னப் பெண்ணிடம் செய்யக்கூடாததைச் செய்தான். வழக்கு நடந்து தண்டனையும் ஆயிற்று. சரியான தண்டனைதான். மாயழகுவுக்கே அதில் சந்தேகம் இல்லை.

"இப்ப எதுக்கு அந்தக் கேள்வி?"

"எனக்குப் பொம்பளப் புள்ளை பொறந்திருக்கும்மா."

"நல்லது."

"சேனை வைக்க ஒருத்தரும் வரல. கூப்பிடப் போனா கதவைச் சாத்துறாங்க. உங்க வீட்டுப் படி மிதிச்சா எங்க பேரும் கெட்டுடும்ங்கறாங்க. என் மாமியாரே வரல."

"நீ புள்ளையைத் தூக்குனியா?"

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"தூக்கலையா?"

"பயமா இருக்கும்மா. தெருவுல எல்லாரும் என் கையைத்தான் பாக்குறாங்க. நானும் பாக்குறேன். அதே ரத்தம், அதே சேனை. எங்க அண்ணனும் பாக்க நல்லவனாத்தான் இருந்தான். நானும் அப்படித்தானே இருக்கேன்?"

அம்மாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க வந்து வெச்சுடுங்க. அப்புறம் நான் இங்கேயே சாமியாரா வந்துடறேன். என் நிழல் படாம அவ வளரட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் தேம்பித் தேம்பி அழுதான். உலகத்தைத் துறக்கப் போகிறவன் அழுகிற அழுகையாக அது இல்லை.

அம்மாள் கை கழுவினாள்.

"வா, போலாம்."

தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. வாசலில் விளையாடிய பிள்ளையை ஒருத்தி வெடுக்கென்று உள்ளே இழுத்தாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது.

வேகமாகப் போனால் ஓடுகிறான் என்பார்கள். மெதுவாகப் போனால் நோட்டம் விடுகிறான் என்பார்கள். பிறந்து வளர்ந்த தெருவில் எப்படி நடப்பது என்று மாயழகுவுக்குத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு வீடு எது?"

அவன் தலை நிமிராமல் கையை மட்டும் காட்டினான். அந்தக் கதவும் சாத்தியிருந்தது. ஜன்னலில் பழைய சேலை ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.

"இங்கே யாராச்சும் வந்து போறாங்களா?"

"முதல்ல வந்தாங்க, வேடிக்கை பாக்க. இப்ப இல்ல. அந்தப் பொண்ணோட விளையாட மத்தப் புள்ளைங்களை விடறதில்ல."

"அப்ப முதல்ல இங்கே."

"அம்மா, நான்..."

"நீ தள்ளிப் போய் நில்லு. அவங்க கண்ணுல படாத எடத்துல."

அவன் தெருமுனைக் குழாயடிக்குப் பின்னால் போய் நின்றான். எங்கிருந்தோ ஒரு கல் வந்து காலடியில் விழுந்தது. எறிந்தது யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கல்லுக்காக உடம்பைக் குறுக்கிக்கொண்டான். அது வராதது இன்னும் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அம்மாள் வந்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அவ அம்மா நாளைக்கும் வரச் சொன்னா. வருவேன்."

மாயழகுவின் வீட்டுக் கதவில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள். அழித்த பிறகும் படிக்க முடிந்தது.

உள்ளே அவன் மனைவி தவமணி கட்டிலில் இருந்தாள். மடியில் குழந்தை. அம்மாளைப் பார்த்ததும் "வாங்கம்மா" என்றாள். அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சர்க்கரைத் தண்ணீர் பாலாடைச் சங்கில் தயாராக இருந்தது. அம்மாள் அதை எடுத்து மாயழகுவிடம் நீட்டினாள்.

"நீ வை."

அவன் பின்வாங்கினான். முதுகு சுவரில் இடித்தது.

"அது கூடாதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்! என் நாக்குல இருக்கிறது அவன் வெச்சதும்மா!"

"அவன் நாக்குல வெச்சது யாரு?"

மாயழகு தவமணியைத் திரும்பிப் பார்த்தான்.

"சோலைமலைப் பண்டாரம்" என்றாள் தவமணி. "கோயிலுக்குப் பூக் கட்டுனவரு. அவரு மாதிரி நல்ல மனுசன் இந்த ஊருலயே கெடையாதுன்னு இவரோட அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."



"அப்ப அண்ணனுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றான் மாயழகு.

"அதை அவனைத்தான் கேக்கணும்."

"அப்ப யாருக்கு வேணாலும் வரலாமா? எனக்கும் வரலாமா?"

வராது என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவன் மலையேறியதே. அம்மாள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பாலாடையோடு நீட்டிய கையையும் மடக்கவில்லை.

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. தவமணி அதைத் தூக்கி அவன் பக்கம் காட்டினாள்.

மாயழகு பாலாடையை வாங்கி விரலை நனைத்தான். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

"கை நடுங்குதும்மா."

"உங்க அண்ணன் கை நடுங்கியிருந்தா அந்தப் பொண்ணு இந்நேரம் தெருவுல விளையாடிக்கிட்டிருப்பா" என்றாள் சுனையம்மாள். "நடுங்குற கையாலேயே வை."