பதிவேட்டில் நாலு பேச்சித்தாய்

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நழுவிவிடக் கூடாது; கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தெற்கே செம்பாறை என்றொரு நகரம் பத்தே வருஷத்தில் இரண்டு மடங்காகப் பெருத்தது. அங்கே தொழிற்பேட்டை அமைந்தபோது, புள்ளிவிவர அலுவலர் சிவஞானம் ஒரு கணிப்பு எழுதினார்: மூன்று ஆண்டுகளில் ஒன்பதாயிரம் பேருக்கு வேலை கிடைக்கும். அது பலித்தால் இரண்டாவது பேட்டைக்கு அனுமதி; பலிக்காவிட்டால் கிடையாது என்பது ஏற்பாடு.

கார்களுக்கு ஒயர் கோத்துத் தரும் ஆலையில் பேச்சித்தாய் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து மணி நேரமும் நின்றபடி வேலை. கழிப்பறைக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். எட்டு மாதம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபது நாள் கழித்து வேறொரு ஒப்பந்தக்காரர் மூலம் புது ஆளாக எடுப்பார்கள். அப்படிச் செய்தால் யாரையும் நிரந்தரமாக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டில் அவள் நான்கு முறை புதிதாகச் சேர்ந்தாள்; நான்கு முறையும் வெளியே அனுப்பப்பட்டாள்.

மூன்றாம் ஆண்டு முடிவில் பதிவேடு ஒன்பதாயிரத்து இருநூறு பேரைக் காட்டியது. அதற்குச் சான்று வழங்க ஒரு கூட்டம் கூட்டினார்கள். பயன்பெற்றவள் என்று மேடையேறி இரண்டு வார்த்தை பேசுவதற்கு, ஆலை மேலாளர் ஜெபராஜ் பேச்சித்தாயைத் தேர்ந்தெடுத்தார்.

"வேலை கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லும்மா. அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கிடுதேன்," என்றார்.

மண்டப வாசலில் பக்கத்து வீட்டுச் செல்வராணி அவளை மறித்தாள். புருஷனை இழந்து, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, இரண்டாவது பேட்டையில் வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருப்பவள்.

"ஏ பேச்சி, மேடையில ஏறி நியாயம் பேசிராத. எட்டு மாச வேலைன்னாலும் எனக்கு வேணும். நீ நாலு தடவை தின்ன சோத்தை நான் ஒரு தடவை திங்கக் கூடாதா?"

பேச்சித்தாய் அவளைத் தாண்டி உள்ளே போய் மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு வேலை கிடைச்சுது. நாலு தடவை கிடைச்சுது, நாலு தடவையும் பிடுங்கிட்டாவ. உங்க பதிவேட்டுல நாலு பேச்சித்தாய் இருக்கா. இங்க நிக்கது நான் ஒருத்திதான்." சிவஞானத்தைப் பார்த்தாள். "சார், நீங்க எண்ணுனது ஆளையா, வாசலைத் தாண்டுன காலையா?"

மைக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினார் ஜெபராஜ்.

சிவஞானத்துக்கு விஷயம் ஓராண்டாகவே தெரியும். ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்திருந்தார். தன் கணிப்பு பொய்த்துவிடுமே என்று வாய் திறக்கவில்லை. இப்போது எழுந்தார்.

"அந்தம்மா சொல்றது உண்மை. ஆள் கணக்குல ரெண்டாயிரத்து நானூறு பேர்தான்."

இரண்டாவது பேட்டை நின்றுபோனது. பேச்சித்தாயை அதன்பின் எந்த ஒப்பந்தக்காரரும் எடுக்கவில்லை. சிவஞானத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பதவி அப்படியே இருந்தது. செல்வராணி குழாயடியில் பேச்சித்தாயின் குடத்தை எட்டி உதைத்தாள். "உன் நியாயத்தை உலையில போட்டுப் பொங்கித் தின்னு" என்றாள்.

நிரந்தர வேலையை உதறி உண்மையைச் சொன்னாள் பேச்சித்தாய். அரைகுறை வேலையாவது வேண்டும் என்றாள் செல்வராணி. பிந்தியாவது ஒப்புக்கொண்டார் சிவஞானம். இதில் யார் செய்தது சரி?

என் விடை: சிவஞானத்தை முதலில் தள்ளுங்கள். ஒரு பெண் தன் பிழைப்பைப் பணயம் வைத்த பிறகு அவர் சொன்ன உண்மை, ஓராண்டு ஊசிப்போன உண்மை. செல்வராணி கேட்டதில் தப்பில்லை. பசிக்கிறவளிடம் தரம் பற்றிப் பேச எவருக்கும் யோக்கியதை இல்லை. ஆனாலும் பேச்சித்தாய் செய்ததே சரி. ஊமையாக இருந்திருந்தால் அவள் ஒருத்தி பிழைத்திருப்பாள். எட்டு மாதத்துக்கு ஒருமுறை தெருவில் தள்ளப்படப் போகும் ஆயிரக்கணக்கானவர்களின் கதிக்கு அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டவளாகியிருப்பாள். இதைப் போய்ச் செல்வராணியிடம் விளக்காதீர்கள். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.