கடுகு தாளிக்காத வீடு

முன்னொரு காலத்தில், ஒரு மாசி மாதத்தில், வெண்கரைப் பட்டணத்தில் எழுபது வீடுகளில் அம்மை போட்டிருந்தது. ஊரைக் காக்கும் பொறுப்பை அரசர் அமைச்சர் பெருஞ்சாத்தனிடம் கொடுத்தார்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது அந்த ஊர் வழக்கம். அதைப் பார்த்தால் வெளியாட்கள் உள்ளே போகமாட்டார்கள். வாசலில் கூழும் இளநீரும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெருஞ்சாத்தனுக்கு அது போதவில்லை. வேப்பிலை தொங்கும் வீட்டாரை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடப்போவதாகப் பறையறைவித்தார்.

மறுநாள் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. அரசர் மகிழ்ந்துபோனார். பெருஞ்சாத்தன் மகிழவில்லை. யாரையும் நம்பாத மனிதர் அவர்.

உச்சிவேளையில் சேவகர்களோடு தெருவில் இறங்கினார். கேளுங்கள், அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வணிகர் தெருவில் பல வீடுகளில் சோறு வேகும் மணம் வந்தது. கடுகு வெடிக்கும் சத்தம் வரவில்லை. அந்தக் கதவுகளில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார்.

தச்சர் தெருவில் ஒருவன், மனைவி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய்விட்டதாகவும் தனக்குத் தாளிக்கத் தெரியாதென்றும் சொன்னான்.

"உள்ளே முனகுவது யார், உன் அம்மிக்கல்லா?" என்றார் பெருஞ்சாத்தன். அங்கும் கோடு விழுந்தது.

மூன்றாவது, அவருடைய தெரு. அரண்மனையிலேயே தங்கிவிட்டவர், சில நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பக்கம் வந்தார். அவர் வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. சேவகர்கள் சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

மனைவி பூதநங்கை வாசலை மறித்து நின்றாள். உள்ளே மகள் பாயில் கிடந்தாள்.

"சொன்னால் பிள்ளையை அக்கரைக்கு அனுப்புவீர்கள். அதனால்தான் சொல்லவில்லை. ஊரில் யாரும் அதனால்தான் சொல்லவில்லை."

பெருஞ்சாத்தன் தெருமுனை மரத்தில் வேப்பிலை ஒடித்து, தன் வாசலில் தானே செருகினார். கோடுகளை அழிக்கச் சொன்னார். இனி யாரையும் அக்கரைக்கு அனுப்புவதில்லை, வேப்பிலை வாசலுக்கு அரண்மனைக் கூழ் வரும் என்று மறுபடி பறை முழங்கியது.

ஊர் உடனே நம்பிவிடவில்லை. இதிலும் ஏதோ சூது என்றார்கள். அமைச்சரின் மகள் வீட்டில்தான் இருக்கிறாளா என்று, வேறு வேலையாகப் போவதுபோல் போய் எட்டிப்பார்த்தார்கள். இரண்டு நாள் அவர் வாசலில் மட்டுமே வேப்பிலை தொங்கியது. மூன்றாம் நாள் தச்சன் தன் வாசலில் செருகினான். அதன்பிறகு தெருத்தெருவாகத் தொங்கியது. எந்த வீட்டுக்குள் போகக்கூடாது, எந்த வாசலில் கூழ் வைக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

நோயை வெளியே சொன்னவரைத் தண்டிக்கும் ஆட்சி, நோயைத் தன் கண்ணிலிருந்தே மறைத்துக்கொள்கிறது.

பங்குனி முழுநிலா நாளில் அமைச்சரின் மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று உச்சிவேளையில் அந்த வீட்டில் கடுகு தாளித்தார்கள்.