விளிம்பா, மட்டமா

ஒரு காலத்தில், அதாவது ரொம்பப் பழைய காலத்தில் அல்ல, நொய்யல் கரையோரம் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதில் ஒரு பாய்லர். பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில், புதிதாக வாங்கி மாட்டிய ஓர் இரும்புப் பெட்டி.

பெட்டிக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். முதலாவது செயலி. பட்டறைக்கு எவ்வளவு நீராவி வேண்டும், நெருப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்று ஓயாமல் கணக்குப் போடுவது அவள் வேலை. வேலையில் இறங்கிவிட்டால் அக்கம்பக்கம் பார்க்க மாட்டாள். தோளைத் தட்டினால்தான் நிமிர்வாள். தட்டுவதற்கென்றே வாசலில் ஒரு காவற்காரன் இருந்தான். மூன்றாவது ஆளுக்கு டிரைவர் என்று பெயர். அவனுக்கு வண்டியும் தெரியாது, ஸ்டியரிங்கும் தெரியாது. வெளியே இருக்கிற கருவிகளின் பேச்சு செயலிக்குப் புரியாது. அதனால் போய்க் கேட்டுவந்து அவளுக்குச் சொல்லும் ஆள் அவன்.

வெளியே, பாய்லரின் மேல், இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் அழுத்தமானி. நீராவி அளவுக்கு மீறினால் கையைத் தூக்குவான். இன்னொருத்தி மிதவை. தண்ணீர் இறங்கினால் அவளும் இறங்குவாள், அவள் கை மேலே ஏறும். பாய்லரில் தண்ணீர் வற்றி நெருப்பு மட்டும் எரிந்தால் என்ன ஆகும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். வெடிக்கும். ஆகவே நாள் முழுக்கப் பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் செங்கோடனின் உயிர், நேராகவே சொல்லிவிடுகிறேன், மிதவையின் கையில் இருந்தது.

இரண்டு பேருக்கும் தனித்தனிக் கம்பி கொடுத்திருக்கலாம். பெட்டியில் ஒரு துளைதான் மிச்சம் இருந்தது. அதனால் இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். யார் கை தூக்கினாலும் கம்பி மேலே போகும். இருவரும் இறக்கினால்தான் கீழே வரும்.

முதல் நாள் காவற்காரன் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"இந்தக் கம்பியை நான் எப்படிப் பார்க்க வேண்டும்? விளிம்பா, மட்டமா?"

"அப்படியென்றால்?"

"விளிம்பு என்று சொன்னால், கம்பி கீழேயிருந்து மேலே போகிற அந்தக் கணத்தில் மட்டும் செயலியின் தோளைத் தட்டுவேன். ஒரு தடவை. அதற்கப்புறம் அது மேலேயே நின்றாலும் எனக்குக் கவலையில்லை. மட்டம் என்று சொன்னால், கம்பி மேலே நிற்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருப்பேன்."

டிரைவர் முகத்தைச் சுளித்தான். "மட்டமா? பேரே நன்றாக இல்லையே."

"பேரைப் பார்க்காதே. கருவிகளோடு வந்த குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது?"

குறிப்பில் மட்டம் என்றுதான் எழுதியிருந்தது. ஒரே கம்பியை இரண்டு பேர் பிடித்திருந்தால் அதுதான் சரி. டிரைவர் வேண்டாவெறுப்பாக "மட்டம்" என்றான்.

சோதனை ஓட்டத்தன்று நீராவி கொஞ்சம் கூடியது. அழுத்தமானி கையைத் தூக்கினான். காவற்காரன் செயலியைத் தட்டினான். செயலி டிரைவரை அனுப்பினாள். டிரைவர் போனான், பார்த்தான், திரும்பி வந்தான்.

"அழுத்தம் கூடியிருக்கிறது."

"சரி, நெருப்பைக் குறைக்கிறேன்" என்றாள் செயலி. குறைத்தாள். அழுத்தமும் குறைந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அழுத்தமானிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது வந்து, "கேட்டாச்சு, கையை இறக்கு" என்று சொல்கிற வரைக்கும் அவன் கையை இறக்க மாட்டான். அப்படித்தான் அவனைச் செய்திருந்தார்கள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் வாயை மூடிக்கொள்கிறவன் எச்சரிக்கை செய்கிற வேலைக்கு எதற்கு? டிரைவரோ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வந்துவிட்டான்.

காவற்காரன் மறுபடி தட்டினான். செயலி மறுபடி டிரைவரை அனுப்பினாள். அவன் மறுபடி அதே சேதியோடு வந்தான். மறுபடி தட்டு. மறுபடி ஓட்டம்.

"விடேன் கொஞ்சம்! எனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கத்தினாள் செயலி.

"கம்பி மேலே நிற்கிறதே" என்றான் காவற்காரன், தட்டிக்கொண்டே.

"அழுத்தமானி ஒரு ரோதனை பிடித்தவன். ஒரு தடவை சொன்னால் போதாதா?" என்றான் டிரைவர். தான் ஒரு வார்த்தை பாக்கி வைத்திருப்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. தன்னிடம் வந்து முறையிடுகிறவனைத் தொல்லை என்று சொல்வது சுலபம்.

பெட்டி உறைந்துபோனது. விளக்குகள் நின்றன. பெட்டியின் அபாயச் சங்கு மட்டும் ஓயாமல் ஊளையிட்டது.

பெட்டியைச் செய்த கம்பெனியிலிருந்து யுவராணி என்ற பொறியாளர் மடிக்கணினியோடு வந்திருந்தாள். டிரைவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதியவள் அவள்தான். பட்டறை முதலாளி ரத்தினசபாபதி காதைப் பொத்திக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றார்.

"ஏனுங்க மேடம், இதென்னங்க ரோதனை? பொட்டி வாங்குனதே நிம்மதிக்குத்தானுங்க. இது என்னடான்னா பேய் புடிச்சாப்ல கத்துது."

"எங்க மாட்டுதுன்னு பாக்கறேன் சார். கொஞ்சம் டைம் குடுங்க."

"டைம்தானுங்களே இல்ல. தொட்டியில துணி கெடக்குது. சூடு ஆறுச்சுன்னா சாயம் திட்டுத் திட்டாப் புடிச்சுக்கும். மொதல்ல இந்தச் சத்தத்த நிறுத்துங்க."

யுவராணி எழுதியதையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். விட்டுப்போன அந்த ஒரு வரி கண்ணில் படவில்லை. காவற்காரன் ஓயாமல் தட்டுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. மட்டம் என்றிருந்த இடத்தில் விளிம்பு என்று மாற்றினாள்.

சங்கு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"அட, நின்னுருச்சுங்களே! இத மொதல்லயே பண்ணியிருக்கலாமல்லங்க?"

"நின்னுடுச்சு சார். ஆனா ஏன் நின்னுச்சுன்னு எனக்கு இன்னும் சரியாப் புடிபடல. இன்னொரு நாள் உக்காந்து பாத்துட்டா நல்லது."

"ஓடற மெஷின எதுக்குங்க நோண்டோணும்? நல்லா ஓடட்டும், உடுங்க."

எத்தனையோ பேரைக் கொன்ற வாக்கியம் அது. ஆனால் எவ்வளவு இதமாகக் காதில் விழுகிறது! யுவராணியும் மனசாட்சிக்கு ஒரு சோதனை செய்து பார்த்தாள். பெட்டியை அணைத்துப் போட்டதில் அழுத்தமானியின் கை இறங்கியிருந்தது. மிதவையைத் தூக்க வைத்தாள், பெட்டி கேட்டது. அவளை இறக்கிவிட்டு, அழுத்தமானியைத் தூக்க வைத்தாள், அதையும் கேட்டது. ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டபோது எந்தக் குறையும் இல்லை. இருவரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

பெட்டிக்குள் அமைதி வந்தது. செயலி நிம்மதியாகக் கணக்குப் போட்டாள். டிரைவர் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"பார்த்தாயா? எல்லோரும் எவ்வளவு ஒழுங்காகிவிட்டார்கள்" என்றான்.

"கம்பி நேற்றிலிருந்து மேலேயே நிற்கிறது" என்றான் காவற்காரன்.

"தட்டினாயா?"

"எழுந்தபோது ஒரு தடவை தட்டினேன். நீ போய் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வந்தாயே."

"அப்புறம் என்ன? நிற்கட்டும்."

அழுத்தமானி தூக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் ஏற்றுகிற பம்பு காற்றை இழுத்தது. மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, தண்ணீர் ஏறவில்லை. பாய்லருக்குள் தண்ணீர் மெல்ல இறங்கியது. மிதவை இறங்கினாள். அவள் கை ஏறியது.

கம்பி அசையவில்லை. அது ஏற்கனவே மேலேதான் இருந்தது.

"காவற்காரா!" என்று கூப்பிட்டாள் மிதவை. "தண்ணீர் குறைகிறது. செயலியைத் தட்டு. நெருப்பை அணைக்கச் சொல்."

"கம்பி எழவில்லையே."

"எழுந்துதானே நிற்கிறது? கண்ணைத் திறந்து பார்."

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நிற்கிறது. ஆனால் எழவில்லை. எழுந்தால் தட்டுவேன்."

"நிற்கிறது என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?"

"அது மட்டத்தின் கணக்கு. எனக்குச் சொல்லியிருப்பது விளிம்பு." காவற்காரன் கெட்டவன் இல்லை. அவனிடம் சொன்னதைத்தான் செய்தான்.

பாய்லருக்கு முன்னால் செங்கோடன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய் காவி படிந்து பழுப்பேறிக் கிடந்தது. பெட்டி வந்த பிறகு அதைத் துடைக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவன் மனைவி மயிலாத்தாள் துணி மடிக்கிற பகுதியில் வேலை செய்பவள். சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாள்.

"ஏனுங்க, பொட்டி வந்ததுக்கப்பறம் ராசாவாட்டமல்ல உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"பின்ன? பச்ச எரியுது பாரு. அது எரியற வரைக்கும் நாம ராசாதான்."

"நாளைக்கி உங்களுக்குப் பதிலா பொட்டிக்கே சம்பளம் குடுத்தறப் போறாங்க."

"குடுத்தா அதுக்கும் நீயே சோறு கொண்டாந்து போடு" என்று சிரித்தான் செங்கோடன். "போ புள்ள, சூப்பர்வைசர் பாத்தாச் சத்தம் போடுவான்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். மேலே மிதவை இன்னும் இறங்கியிருந்தாள்.

"என் கைதான் உன்னை மறைக்கிறது" என்றான் அழுத்தமானி. அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. "நான் இறக்கிவிடட்டுமா?"

"இறக்க முடியுமா உன்னால்?"

"சொல்லாமல் இறக்கக் கூடாது. ஆனால் முயன்று பார்க்கிறேன்."

"நீ மட்டும் இறக்கினால் போதாது. நானும் தூக்கியிருக்கிறேனே, கம்பி அப்படியே நிற்கும். இருவரும் சேர்ந்து ஒரு நொடி இறக்கிவிட்டு, மறுபடி தூக்க வேண்டும். அப்போதுதான் காவற்காரன் கண்ணில் படும்."

"அப்படியானால் நீயும் இறக்கு. ஒரே ஒரு நொடி."

மிதவை தன் கையைப் பார்த்தாள். "நான் இறக்கினால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்."

"ஒரு நொடிதானே! பொய்யாகவே இருக்கட்டும். கீழே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்."

"மனசு இல்லாமலா சொல்கிறேன்? என் கை தண்ணீரில் கட்டியிருக்கிறது. தண்ணீர் ஏறினால்தான் அது இறங்கும். பொய் சொல்லும்படி என்னைச் செய்யவே இல்லை."

ஆபத்து இருக்கிறது என்று சொல்வதற்கு, முதலில் ஆபத்து இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவளால் அது முடியவில்லை. நீராவி ஏறியது. அதைச் சொல்லவும் அழுத்தமானியிடம் வேறு கை இல்லை.

பெட்டிக்குள் செயலி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நீராவி கொஞ்சம் அதிகமாக வேண்டும் என்று பட்டறையிலிருந்து கேட்டிருந்தார்கள். "தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்றான் டிரைவர்.

"அப்படியானால் நன்றாகத்தான் இருக்கும்" என்று செயலி நெருப்பைக் கூட்டினாள்.

செங்கோடன் தூக்கைத் திறந்து, பிசைந்து, முதல் கவளத்தை எடுத்தான்.

பாய்லர் வெடித்ததும் கம்பி அறுந்து கீழே விழுந்தது. சுவரோடு சாய்ந்த பெட்டிக்குள் இருந்து காவற்காரன் அதைப் பார்த்தான். கம்பி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் விசாரணைக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். யுவராணியும் வரவழைக்கப்பட்டாள். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். என்னை யாரும் தட்டவில்லை என்றாள் செயலி. அது உண்மை. கம்பி எழுந்த ஒவ்வொரு தடவையும் தட்டினேன் என்றான் காவற்காரன். அதுவும் உண்மை. கூப்பிட்டபோதெல்லாம் போனேன் என்றான் டிரைவர். அவன் சொன்னதிலும் பொய் இல்லை. வெளியே கிடந்தவர்களை விசாரிக்க வேண்டும் என்று ஆய்வாளருக்குத் தோன்றவில்லை.

மயிலாத்தாள் இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். யாரோ பிடித்திழுத்தும் போகவில்லை.

"சார், ஒரு சத்தங்கூடக் குடுக்கலீங்களா அந்தப் பொட்டி?"

"குடுக்கலம்மா. எந்தக் கோளாறும் இல்லாமத்தான் ஓடிட்டு இருந்திருக்கு."

"அப்பறம் எப்படீங்க?"

யுவராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்போது எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தாள். பக்கத்தில் அவள் கம்பெனி வக்கீல் இருமினார். மூடிக்கொண்டாள்.

இடிபாட்டில் கிடந்த மிதவையைச் சாட்சிப் பொருளாக எடுத்து ஒரு பையில் போட்டார்கள். அதன் கை மேலே நீட்டிக்கொண்டு நின்றதால் பை மூடவில்லை. ஆய்வாளர் அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. பிறகு கையை ஒடித்து உள்ளே போட்டு, பையின் வாயைக் கட்டினார்.