வற்றும் குட்டைக்கு ஒரு காவல்

காட்டுப்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு ஒரு சாண் கீழே, களிமண்ணுக்குள், தவளை தூங்கிக்கொண்டிருந்தது.

மண் அதிர்ந்ததும் தவளை கண் விழித்தது. மெல்ல மேலே ஏறி வந்து உட்கார்ந்தது. கத்தவில்லை. கத்திப் பார்த்த வருஷங்கள் எல்லாம் போய்விட்டன.

“இந்தக் கோடையிலும் நீதானா?” என்று மட்டும் கேட்டது.

“நான்தான் அக்கா. கோரைக்கிழங்கு இங்கேதானே இருக்கிறது?” என்றது பன்றி.

நாவல் மரங்களுக்கு நடுவே இருந்த பள்ளம் அது. ஐப்பசி மழையில் நிரம்பும். பங்குனி வெயிலில் வற்றிவிடும். அடியில் இருந்த களிமண்தான் தண்ணீரைப் பிடித்து வைத்தது. போன கோடையில் பன்றி அதைத் தோண்டிக் குழிகளாக்கிவிட்டதால் மழைத்தண்ணீர் சீக்கிரமே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. தவளையின் தலைப்பிரட்டைகள் கால் முளைக்கும் முன்பே காய்ந்து போயின.

தவளை அதைச் சொன்னது. பன்றிக்கும் வருத்தம்தான். ஆனால் காட்டு வழக்கத்தை அது எடுத்துச் சொன்னது. நீர்நாய் அடையாளம் வைத்த கரையில் யாரும் தோண்டுவதில்லை. அடையாளம் இல்லாத இடம் எல்லோருக்கும் பொது.

அந்த அடையாளம் வேறொன்றும் இல்லை, நீர்நாயின் எச்சம்தான். காட்டில் தண்ணீர் குறையும் சித்திரையில் நீர்நாய் ஒவ்வொரு குளமாகப் போகும். அங்கே ஒரு மீனைப் பிடித்துத் தின்னும். பிறகு கரைக்கல்லின் மேல் எச்சமிடும். அதில் மின்னும் மீன்செதிளைக் கண்டால் யானைகூட ஒதுங்கிப் போகும்.

தவளை ஓடைக்குப் போய் நீர்நாயை அழைத்து வந்தது. இது எத்தனையாவது முறை என்று இரண்டுக்கும் நினைவில்லை. நீர்நாய் பள்ளத்தைப் பார்த்தது. காய்ந்த சருகும் வெடித்த மண்ணும் கிடந்தன.

“தண்ணீர் எங்கே?”

“மழையில் வரும் அண்ணே.”

“சரி, மீன் எங்கே?”

“மீன் வராது. அதனால்தான் நான் இங்கே முட்டையிடுகிறேன். ஓடையில் இட்டால் மீன்கள் தின்றுவிடும்.”

நீர்நாய் கெட்டதல்ல. ஆனால் தண்ணீரும் மீனும் இல்லாத இடத்தைக் குளம் என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை. கார்த்திகையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்று தவளை கேட்டது. கார்த்திகையில் காடு முழுக்கத் தண்ணீர், அப்போது எதற்குக் காவல் என்று நீர்நாய் திருப்பிக் கேட்டது. 

இதையெல்லாம் மேலே கிளையில் இருந்து மீன்கொத்தி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிளை நிழலான கிளை. அதன் கீழே மீன் இல்லை என்பது ஒன்றுதான் மீன்கொத்தியின் குறை.

“அண்ணன் கேட்பது தண்ணீரும் மீனும்தானே?” என்றது மீன்கொத்தி. “ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினால் இரண்டும் வந்துவிடும். தோண்டுவதற்குப் பன்றி இருக்கிறது. அப்புறம் ஆயுசுக்கும் நீ யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.”

மீன் வந்தால் முட்டை என்னாகும் என்று தவளைக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்கு மிகவும் அலுப்பாக இருந்தது. கெஞ்ச வேண்டாம் என்ற சொல் மட்டும் காதில் இனித்தது.

“ஏதோ செய்யுங்கள். அடையாளம் கிடைத்தால் போதும்” என்றது.

பன்றி உற்சாகமாகத் தோண்டியது. தண்ணீர் வந்தது. தண்ணீரோடு கெண்டை மீன்களும் வந்தன. நீர்நாய் ஒன்றைப் பிடித்துத் தின்றது. கரைக்கல்லில் அடையாளம் வைத்தது. பன்றி காட்டு வழக்கத்தை மீறாமல் வேறு இடத்துக்குக் கிழங்கு தேடப் போனது. மீன்கொத்திக்குக் கிளையிலேயே சாப்பாடு கிடைத்தது. தவளை கரை ஓரத்து ஈரமண்ணில் புதைந்து, பல வருஷங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

மழை வந்தது. தவளை முட்டையிட்டது. விடிந்ததும் பார்த்தால், கெண்டைகள் கொழுத்த வயிற்றோடு நீந்திக்கொண்டிருந்தன. ஒரு முட்டைகூட மிச்சமில்லை.

தவளை ஓடைக்குப் போனது. நீர்நாய் அதைக் கண்டதும், “இன்னும் என்ன? அடையாளம் வைத்தாயிற்றே! யாராவது தோண்டினார்களா?” என்றது.

“யாரும் தோண்டவில்லை அண்ணே. குளம் பத்திரமாக இருக்கிறது. என் பிள்ளைகள்தான் இல்லை.”

நீர்நாய்க்கு அது முதலில் விளங்கவில்லை. எழுந்து தவளையோடு நடந்தது. கார்த்திகை மாதத்தில் அது அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. வழியில் இன்னொரு சிறு பள்ளம் மழையில் நிரம்பியிருந்தது. அதற்கு வாய்க்காலும் இல்லை, மீனும் இல்லை. நீர்நாய் குனிந்து பார்த்தது. தண்ணீர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாகத் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. வேறொரு தவளையின் பிள்ளைகள்.

“இதுவும் கோடையில் வற்றுமா?”

“வற்றும். வற்றுவதால்தான் மீன் தங்காது. மீன் தங்காததால்தான் இவை பிழைக்கின்றன. கால் முளைக்கும்வரை தண்ணீர் நின்றால் போதும் அண்ணே. அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.”

நீர்நாய் தவளையின் குட்டைக்குப் போய்க் கெண்டைகளைப் பார்த்தது.

பிறகு பன்றியைக் கூப்பிட்டு வாய்க்காலை மூடச் சொன்னது. ஒருவர் வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் மூடச் சொல்கிறார் என்று பன்றி முணுமுணுத்தபடி மூடியது. மாசியில் தண்ணீர் சுருங்கியது. கொக்குகளும் மீன்கொத்தியும் கெண்டைகளைத் தின்று தீர்த்தன. அடியில் சேறு மட்டும் மிஞ்சியபோது, பழைய குழிகள் அடைபடும்வரை அதில் புரளும்படி நீர்நாய் பன்றிக்குச் சொன்னது. அனுமதி வாங்கிச் சேற்றில் புரண்ட பன்றி அந்தக் காட்டில் அது ஒன்றுதான். களிமண் மிதிபட்டு இறுகியது. மீன்கொத்தி எல்லோரையும் திட்டிவிட்டு ஓடைக்குக் குடிபோனது.

சித்திரை வந்தது. பள்ளம் மறுபடியும் சருகும் வெடிப்புமாகக் கிடந்தது. போன வருஷத்து அடையாளம் மழையில் கரைந்து போயிருந்தது. பன்றி வந்து கரையில் நின்றது. கிழங்கு வாசனை மூக்கைத் துளைத்தது. கல்லில் ஒன்றும் இல்லை. அது மூக்கைத் தாழ்த்தியது.

மண்ணுக்குள் தவளை அந்த மூச்சைக் கேட்டது. மேலே ஏறி வர அதற்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

அப்போது வெயிலில் மூச்சிரைக்க நீர்நாய் வந்து சேர்ந்தது. ஓடையில் ஒரு மீனைத் தின்றுவிட்டு, கல் சுடும் என்றுகூடப் பாராமல் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தது. காய்ந்த பள்ளத்தின் கரைக்கல்லில் ஏறி அடையாளம் வைத்தது.

பன்றி சிரித்துவிட்டது. “தண்ணீரே இல்லாத இடத்துக்குக் காவலா அண்ணே?”

“தண்ணீர் வெளியூர் போயிருக்கிறது. வீடு அதனுடையதுதான்” என்றது நீர்நாய். பிறகு அடுத்த பள்ளத்துக்கு நடந்தது. அந்தக் கோடையில் அதற்கு நடை இரண்டு மடங்கு.

பன்றி செதிளைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. வேறு இடம் தேடிப் போனது.

ஐப்பசியில் மழை பெய்தது. குட்டையில் தண்ணீர் நின்றது. தவளைக்கு வயதாகிவிட்டது. அந்த முறை அது இட்ட முட்டைகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் பிறந்த தலைப்பிரட்டைகள் வால் சுருங்கிக் கால் முளைத்துக் கரையேறின. தவளை கரையில் உட்கார்ந்து அவை ஒவ்வொன்றாகச் சருகுக்குள் மறைவதைப் பார்த்தது. பிறகு தூங்கப் போனது.

ஒன்றைக் காக்க நினைப்பவர் அதை அதன் இயல்போடு காக்க வேண்டும். நம் விதிக்குப் பொருந்தும்படி அதை மாற்றிவிட்டால், பிறகு காப்பதற்கு விதி மட்டும்தான் மிஞ்சும்.