ஓடு என்றால் நவுன்

காட்டோரக் குளத்தின் கரையில் செவந்தி என்ற ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆள் வாடை அடித்தால் சும்மா இருக்காது, கத்தித் தீர்த்துவிடும். குளத்து ஆமை பாறையன் கரையில் வெயில் காய்ந்தபடி நிம்மதியாகத் தூங்கியதெல்லாம் அந்தக் குரலை நம்பித்தான்.

"ஓடு!" என்று செவந்தி ஒரு சொல் சொல்லும். பாறையன் சரிவில் சறுக்கித் தண்ணீருக்குள் போய்விடும்.

நரி வந்தால் பயமில்லை. ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டால் அதன் பல் இறங்காது. சாக்கோடு வருகிற மனிதனிடம் அந்த வித்தை செல்லாது. ஆமை தன்னை மூடிக்கொண்டால் அவனுக்கு வேலை மிச்சம். கல்லைப் பொறுக்குவதுபோலப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவான்.

இப்படி இருக்கையில் குளத்துக்கு ஒரு மைனா வந்து சேர்ந்தது. டவுனில் டியூஷன் நடக்கும் ஒரு வீட்டில் கூண்டில் வளர்ந்தது. கதவு திறந்து கிடந்த ஒரு நாள் தப்பி வந்துவிட்டது. பிள்ளைகள் ஒப்பித்த ஆங்கில இலக்கணத்தில் பாதி அதற்கு மனப்பாடம். இலக்கணத்தின் பெயர்கள் தெரியுமே தவிர ஆங்கிலம் தெரியாது. அதனால் என்ன? குளத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

"நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ்" என்று மைனா மூச்சுவிடாமல் அடுக்கியதும் தவளைகள் வாயைப் பிளந்தன. மறுநாளே நாவல் மரத்தடியில் வகுப்பு தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் மைனா டீச்சர் ஆகிவிட்டது.

"பேரைச் சொன்னா நவுன். செய்யறதைச் சொன்னா வெர்ப். தவளை, நவுன். தாவும், வெர்ப். புரியுதா?"

"புரியுது டீச்சர்."

எல்லோரையும்விட விழுந்து விழுந்து படித்தது பாறையன்தான். பிறந்ததிலிருந்து மந்தம், மந்தம் என்று கேலி கேட்டே புண்பட்ட மனது. படிப்பிலாவது முந்திவிட வேண்டும் என்று அதற்கு ஆசை. இந்த ஆசையை யார் குறை சொல்வது?

ஒரு நாள் அது கேட்டது: "டீச்சர், ஓடு நவுனா, வெர்ப்பா? என் முதுகுல இருக்கறதும் ஓடு. முயலை விரட்டும்போது சொல்றதும் ஓடு."

மைனாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் டீச்சர் பட்டம் என்னாவது? டியூஷனில் அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு விதியை எடுத்துவிட்டது.

"வெர்ப் தனியா வராது. செய்யற ஆள் அதுக்கு முன்னாடி நிக்கணும். அந்த ஆளுக்குப் பேரு சப்ஜெக்ட். ‘முயலே நீ ஓடு’ன்னா வெர்ப். வெறும் ‘ஓடு’ன்னா நவுன். உன் முதுகுல இருக்குதே, அது."

பாறையனுக்குப் பெருமை தாங்கவில்லை. நேரே செவந்தியிடம் போனது.

"தங்கச்சி, நீ கத்தறது வாக்கியமே இல்ல. அதுல ஆளைக் காணோம்."

"ஆளைப் பாத்துட்டுத்தானே அண்ணே கத்தறேன்?"

"அந்த ஆள் இல்லம்மா. சப்ஜெக்ட். உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாட்டிப் போகுது. நான் குரல் குடுத்தா நீ தண்ணியில இறங்கிடு. அது போதும் எனக்கு."

பாறையன் சிரித்துக்கொண்டே போனது. செவந்திக்குச் சுருக்கென்றது. படித்தவனிடம் என்ன வாதம் என்று அது முட்டைமேல் உட்கார்ந்துவிட்டது.

சில நாள் கழித்து, நல்ல வெயில் நேரம். கோரைப்புல் அசைந்தது. தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவன் கரையேறி வந்தான். செவந்தி முட்டைகளை விட்டு எழும்பியது.

"ஓடு! ஓடு!"

பாறையன் கண்விழித்தது. பழகிய கால்கள் தாமாகவே தண்ணீர்ப் பக்கம் திரும்பின. அதற்குள் படிப்பு குறுக்கே வந்து நின்றது. ஓடு. முன்னால் ஆள் இல்லை. அப்படியென்றால் நவுன். என் ஓட்டைத்தான் சொல்லுது. வந்திருப்பது நரியாக இருக்கும்.

தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டு ஓட்டுக்குள் ஒடுங்கியது.

செவந்தி பாய்ந்து வந்து ஓட்டைக் கொத்தியது. "அண்ணே, என்ன செய்யற? ஓடு, ஓடு!"

"ஓட்டுக்குள்ளதான் இருக்கேன் தங்கச்சி. சரியாப் புரிஞ்சுக்கிட்டேன். நரி போனதும் சொல்லு."

"நரி இல்ல அண்ணே, மனுசன்! தண்ணிக்குப் போ!"

பாறையன் தலையை நீட்டியது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவனுடைய கை அதற்கு முன்பே எட்டிவிட்டது. தூக்கிய ஆமையின் கால்கள் நான்கும் வெறும் காற்றில் நடந்தன.

"தங்கச்சி" என்று ஒருதரம் கூப்பிட்டது. அதற்குமேல் சாக்குக்குள்ளிருந்து ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

செவந்தி ஊர் எல்லை வரை கத்திக்கொண்டே பின்னால் பறந்தது. அவன் ஒரு மண்கட்டியை எடுத்து வீசினான். குடிசையொன்றில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அவன் அந்தக் குடிசைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். செவந்தி அழுதுகொண்டே முட்டைகளிடம் திரும்பியது.

மறுநாள் காலை நாவல் மரத்தடியில் வகுப்பு வழக்கம்போல நடந்தது. செவந்தி அங்கே போய் நின்றது.

"டீச்சர், நான் சொன்ன ஓடு நவுனா?"

மைனா கிளையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. "கட்டளைன்னு ஒண்ணு இருக்காம். ஒருத்தரை ஏவும்போது ஆளைச் சொல்ல வேண்டியதில்லையாம். வெர்ப் தனியாவே நிக்குமாம். பசங்க பேசிக்கிட்டாங்க. அந்தப் பாடம் எடுக்கறதுக்குள்ள நான் வந்துட்டேன்."

"அப்ப எங்கண்ணன் கேட்டப்போ, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

தவளைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத் திரும்பின.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசுகிறவரிடம் பாடம் கேட்டால், அவருடைய கௌரவத்துக்கு நம் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.